உறையில் மஞ்சள், தபால்தலையில் சிவப்பு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வாளி தூக்கிய கை இது. அந்தக் கை கட்டியதைச் சொல்கிறேன், எண்ணிக்கொள்ளுங்கள். ஜொகூர் பாருவில் கடைவரிசை ஓரத்தில் ஒரு மடக்கு மேசை போட்டுத் தொடங்கியதைக் கண்ணாடிக் கதவு வைத்த தபால்தலைக் கடையாக ஆக்கினேன். லாபிஸ் தபால் முத்திரை விழுந்த தலைகளாக மட்டும் பதினொரு ஆல்பம் சேர்த்தேன். சிங்கப்பூர்ச் சேகரிப்பாளர்கள் வந்து புரட்டிப் பார்த்துவிட்டு விலை கேட்பார்கள், தரமாட்டேன். ஆங்கிலக் கேட்டலாக்கை எழுத்துக்கூட்டியே மனப்பாடம் செய்தேன். இன்று நீங்கள் உறுப்பினராக இருக்கும் இந்தச் சங்கத்தின் முதல் கூட்டம் என் கடையின் பின்பக்கம், நான்கு பேரோடு, நான் வாங்கிவைத்த ரொட்டி சானாயோடு நடந்தது. எவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன், அவ்வளவுதான்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஆண்டு மலரில் ஏதாவது எழுதச் சொன்னார்கள். தலையை எப்படிப் பிரிப்பது, எப்படிப் பாதுகாப்பது என்பதையெல்லாம் நீங்கள் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறீர்கள். எனக்கே இன்னும் பிடிபடாத ஒன்றைத்தான் எழுதப்போகிறேன். தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எனக்குத் தொழில் காட்டியவர் ஒரு சீன முதலாளி. அவர் கடையைக் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் மலாயா சுல்தான்கள் படத்துக்கு மேலேயே கறுப்பாக அச்சுக் குத்தி விற்ற தலைகள் அவரிடம் இருந்தன. எனக்கு அது தெரியாது. யாரோ மை சிந்திவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை ரப்பரால் தேய்த்துவிட்டேன். சுல்தான் முகத்தில் பாதி போயிற்று. முதலாளி கத்தவில்லை. தலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, மலாயில் மெதுவாகச் சொன்னார். "இது அழுக்கு இல்லை. நடந்தது இதுதான். நடந்ததை நீ துடைக்காதே."

தலையை ஆட்டினேன். புரிந்ததாகத்தான் நினைத்தேன்.

சொந்தக் கடை வந்ததும் நானே ஒரு வித்தை கண்டுபிடித்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, பழுப்பேறிய தலைகளை அதில் முக்கி எடுப்பேன். காகிதம் வெளுக்கும். "உங்க ஸ்டாம்பு மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு?" என்று மற்ற வியாபாரிகள் கேட்பார்கள். சொல்லமாட்டேன். மஞ்சள் கறையா, எண்ணெய்க் கறையா, டீக் கறையா என்று பார்த்ததில்லை. எனக்கு எல்லாம் கறை.

முப்பது முப்பத்தைந்து வருடம் இருக்கும். லாயாங் லாயாங்கில் ஒரு வீட்டில் பழைய கடிதக்கட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு ரயிலில் போனேன். லாபிஸ் தோட்டத்திலிருந்து தம்பி தன் அண்ணனுக்கு எழுதிய கடிதங்கள். அண்ணன் காலமாகியிருந்தார். அவர் மகன்தான் கட்டை எடுத்துவந்து கொடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் ஒரே எண்ணம். தலைதான் சரக்கு, உறை குப்பை. நான் உறையைக் குப்பை என்று எறியவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஈரப்பஞ்சு வைத்துத் தலைகளை மட்டும் உரித்துக்கொண்டு, உறைகளையும் கடிதங்களையும் பத்திரமாக அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கடைக்கு வந்து எல்லாத் தலைகளையும் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டேன்.

அதில் ஒன்று மட்டும் சிவந்து வந்தது.

சுல்தான் தலைக்கு மேலே, ஓரத்தில், பிறை மாதிரி ஒரு சிவப்பு. விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். அச்சடிக்கும்போது வேறு நிற மை கலந்த அபூர்வத் தலை, மேலே படிந்த அழுக்கு போனதும் தெரிகிறது என்று முடிவு கட்டினேன். அதற்குச் 'சிவப்புப் பிறை' என்று நானே பெயர் வைத்தேன். மூன்று கண்காட்சிகளில் பட்டயம் வாங்கியது. என் பெயரே அந்தத் தலையோடு சேர்த்துத்தான் பேசப்பட்டது. இதுவரை சரி.

போன வருடம் பெர்மாஸ் ஜெயா மண்டபத்தில் நம் சங்கக் கண்காட்சி நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். திறப்புவிழா சனிக்கிழமை பதினொரு மணிக்கு. எட்டரை மணிக்கு நான் கடையிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தாயும் மகளும். மகள் பெயர் மாலதி, சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. தாய் பச்சையம்மா, அறுபதைத் தாண்டியவர்.

"லாபிஸ்காரர் நீங்கதானா அங்கிள்?"

"நான்தான். ஜொகூருக்கே ஒரு லாபிஸ்காரன்தான்."

"அப்ப நீங்கதான் எங்க பெரிய தாத்தா வீட்டு லெட்டர்ல இருந்த ஸ்டாம்பையெல்லாம் உரிச்சிட்டுப் போனவரு."

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உண்மை.

மாலதி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பழைய கடித உறை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள். குழந்தை பிறந்தாலோ கல்யாணம் வந்தாலோ நம் ஆட்கள் கடிதத்தில் மஞ்சள் தடவி அனுப்புவார்கள். பிரிக்கும் முன்பே நல்ல சேதி என்று தெரிந்துவிடும். உள்ளே பென்சில் எழுத்தில் நாலு வரி. "சித்திரை பதினொன்றாம் தேதி பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். பச்சையம்மா என்று பெயர் வைக்க உத்தேசம்." வருடம் எழுதவில்லை. அந்தக் காலத்தில் யார் எழுதினார்கள்?

பச்சையம்மாவின் அப்பா பிறப்பைப் பதியவில்லை. அதனால் இந்த அம்மாவுக்கு இன்றுவரை சிவப்பு அடையாள அட்டைதான். இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி, இங்கேயே பிள்ளை பெற்றவருக்கு நாட்டுக் குடிமகள் என்ற நீல அட்டை இல்லை. மெர்டேக்காவுக்கு, அதாவது ஐம்பத்தேழு ஆகஸ்டில் சுதந்திரம் வந்ததற்குப் பிறகு இங்கே பிறந்தவர் என்று காட்டினால் வழி நேராக இருக்கும், முன்னால் என்றால் வேறு வழியில் வருடக்கணக்காக அலைய வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை பதிவிலாகாவில் நேர்முகம். அப்பா கையெழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி இந்தக் கடிதம். வருடம் இருந்தது தபால் முத்திரையில்.

உறையைப் பார்த்தேன். முத்திரை வளையத்தில் பாதி உறையில் இருந்தது. லாபிஸ் என்பதன் முதல் இரண்டு எழுத்தும், இருபத்து நான்கு என்ற தேதியும். மீதி எழுத்தும் வருடமும் தலைமேல் விழுந்திருக்கும். தலை இருந்த இடத்தில் சதுரமாக வெளுப்பு.

"ஏழா எட்டா, அது தெரியணும் அங்கிள். ஐம்பத்தேழா, ஐம்பத்தெட்டா? ஸ்டாம்பைப் பாத்தே சொல்ல முடியாதா?"

முடியாது. அந்தச் சுல்தான் படத் தலை மெர்டேக்காவுக்கு முன்னாலும் விற்றது, பின்னாலும் விற்றது. நாட்டுக்குக் கொடி மாறியபோதும் ஜொகூர்த் தலையில் முகம் மாறவில்லை.

பச்சையம்மா முன்னால் வந்து கேட்டார். "அண்ணே, அதை வித்துட்டீங்களா?"

"லாபிஸ் தலையை நான் விக்கிறதில்ல, தங்கச்சி. எல்லாம் வச்சிருக்கேன்."

பெருமையாகத்தான் சொன்னேன். ஆல்பத்தைத் திறந்ததும் அந்தப் பெருமை இறங்கிவிட்டது. லாயாங் லாயாங் கட்டிலிருந்து வந்த தலைகள் ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்தன. எது எந்த உறையில் இருந்தது என்று நான் குறித்துவைக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, உறையின் வெள்ளைச் சதுரத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரே தபால் நிலையத்து முத்திரை, அதனால் வளையம் எல்லாவற்றிலும் ஒரே அளவு. சாய்வு மட்டும்தான் வேறு. கடைசியில் இரண்டு தலைகள் மிஞ்சின. ஒன்றில் வருடம் ஐம்பத்தேழு. இன்னொன்றில் ஐம்பத்தெட்டு. ஏழு கொஞ்சம் நன்றாகப் பொருந்துவது போல் இருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எட்டும் பொருந்தியது. மறுபடி ஏழு.

மாலதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டையே ஒட்டிக் கொடுங்க அங்கிள். யாருக்குத் தெரியப் போவுது லா? நீங்க எக்ஸ்பர்ட். நீங்க சொன்னா அதுதான்."

ஐம்பது வருடத் தொழிலில் என்னை எக்ஸ்பர்ட் என்று ஒருவர் இப்படிச் சொல்வதைக் கேட்கத்தான் நான் உழைத்தேன். அந்த நேரம் பார்த்து அது நெஞ்சில் குத்தியது. பசை என் மேசைமேல்தான் இருந்தது. அந்த அம்மா இந்த நாட்டில் பிறந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு எந்தத் தலையை ஒட்டினால் என்ன? ஒட்டினால் பொய். ஒட்டாவிட்டால் என்னால் ஒரு மனுஷி இன்னும் பல வருடம் அலைவார். உரித்தது நான்தானே. ஒரு நிமிடம் பசை டப்பாவைக் கையில் எடுத்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

அம்மாதான் சொன்னார். "வேணாம் மாலதி. எங்கப்பா பொய்யா எழுதல. அவரு கடுதாசில நாம பொய்ய ஒட்ட வேணாம்."

டப்பாவைக் கீழே வைத்தேன். மணி பத்தாகிவிட்டது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், "வாங்க, மண்டபத்துக்குப் போவோம். அங்க சங்கத்து ஆளுங்ககிட்டயும் காட்டுவோம்" என்று காரில் ஏற்றிக்கொண்டேன்.

மண்டப வாசலில் சிறப்பு விருந்தினருக்கு ஆலாத்தி கரைத்துக்கொண்டிருந்தார்கள். தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர். சுண்ணாம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எவ்வளவு போடுவது என்று விழித்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மா சும்மா நிற்பாரா? "அலமாக், குடும்மா இங்க" என்று வாங்கி, ஒரு சிட்டிகை போட்டு விரலால் கலக்கிவிட்டார். தண்ணீர் சிவந்தது. அந்தச் சிவந்த விரலோடுதான் என் பின்னால் உள்ளே வந்தார்.

மண்டபத்தின் நடுவில் என் சட்டகம். கண்ணாடிக்குள் சிவப்புப் பிறை, மேலே விளக்கு. துயரத்திலும் எனக்கு வாய் நிற்கவில்லை. "இதுதான் தங்கச்சி என் தலை. ஜொகூர்லயே ஒண்ணுதான்."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார்.

"அண்ணே, இது ஆலாத்தி கரைச்ச செவப்பு மாதிரியில்ல இருக்கு? நீங்க இதுல சுண்ணாம்பு கிண்ணாம்பு பட விட்டீங்களா?"

என் வித்தையை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. கடைக் கணக்கப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது. இந்த அம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். இது நம் வீட்டில் எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். கல்யாணங்களில் எத்தனை முறை ஆலாத்தி எடுத்திருக்கிறார்கள். அந்தத் தலையை மட்டும் நான் ஏன் அப்படிப் பார்க்கவில்லை? உண்மையிலேயே தோன்றவில்லையா, தோன்றியதை நானே அமுக்கிவிட்டேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தலை அந்த மஞ்சள் தடவிய உறையில் இருந்ததுதானோ என்று சட்டகத்தைத் திறக்கப் போனேன். சங்கச் செயலாளர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். நல்ல மனிதர், என்மேல் மரியாதை உள்ளவர்.

"அண்ணே, விருந்தாளி கார்ல வந்துட்டு இருக்காரு. இதத்தானே மொதல்ல காட்டப் போறோம்? நாளைக்குச் சாயந்திரம் முடிஞ்சதும் எடுத்துக்குங்க."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அவங்களுக்கு நான் சாட்சிக் கடுதாசி எப்ப எழுதுறது, படம் எப்ப எடுக்குறது? அவங்களுக்குத் திங்கக்கிழமை காலையில நேர்முகம்."

"சரி, எடுத்துப் பாத்து அது வெறும் மஞ்சக் கறைன்னு ஆயிட்டா? மூணு பட்டயம் வாங்கினது அண்ணே. உங்க பேரு என்னாவும்? சங்கத்துப் பேரு என்னாவும்?"

அவர் கேட்டது நியாயம். அது மஞ்சள் கறையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த நொடி, இருக்கக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். எந்த வேண்டுதல் கேட்கப்பட வேண்டும் என்று எனக்கே புரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் அனுபவம் கைகொடுக்கும் என்று பெரியவர்கள் உங்களிடம் சொல்வார்கள். எனக்குக் கைகொடுக்கவில்லை. அந்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை உதறிவிட்டு விருந்தாளியை வரவேற்கப் போக முடியாது என்பது மட்டும் தெரிந்தது. திருகாணியைக் கழற்றினேன்.

தலையை இடுக்கியால் எடுத்து உறையின் வெள்ளைச் சதுரத்தில் வைத்தேன். முத்திரை வளையம் மயிரிழை பிசகாமல் சேர்ந்தது. அதைவிட முக்கியம் மேலே இருந்தது. உறையின் மூலையில் மஞ்சள், பாதிக் கட்டைவிரல் அளவுக்கு வந்து சதுரத்தின் விளிம்பில் நின்றிருந்தது. அது நின்ற இடத்தில் தலையின் சிவப்பு தொடங்கியது. இரண்டும் சேர்ந்து ஒரு முழுக் கட்டைவிரல். பாதி மஞ்சள், பாதி சிவப்பு. தலையை ஒட்டிய பிறகு, மகள் பிறந்த சந்தோஷத்தில், ஒரு தோட்டத்து மனிதன் அழுத்திய விரல்.

பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். பிறையையே வருடக்கணக்காகப் பார்த்தவன் முத்திரையை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. எட்டு. ஐம்பத்தெட்டு.

"நான் அப்பவே எட்டுன்னு சொன்னேன்லா!" என்றாள் மாலதி. சொல்லிவிட்டு அழுதாள். பச்சையம்மா அழவில்லை. தன் கட்டைவிரலை உறைக்கு மேலே, தொடாமல், அளவு பார்ப்பது போல் பிடித்தார். "எங்கப்பாருக்கு வெரலு தடி" என்றார்.

தலையை நான் உறையில் ஒட்டவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். மண்டபத்து அலுவலக அறையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல மாலதி மலாயில் தட்டினாள். எந்த வீட்டில் வாங்கினேன், எப்படி உரித்தேன், எப்படிச் சுண்ணாம்பில் கழுவினேன், எப்படி ஒரு கறையை அபூர்வத் தலை என்று இத்தனை காலம் நம்பினேன், நம்பவைத்தேன், எல்லாம். "கழுவினதை விட்டுடலாமா அங்கிள்? சந்தேகப்படுவாங்களோ?" என்று கேட்டாள். கழுவியதைச் சொல்லாவிட்டால் பாதி மஞ்சள், பாதி சிவப்பு ஏன் என்று யாருக்குப் புரியும்? "அதுதான்மா சாட்சி, தட்டு" என்றேன். கீழே கையெழுத்துப் போட்டேன். விருந்தாளி வந்தபோது சட்டகம் காலியாக இருந்தது.

சில மாதம் கழித்துப் பச்சையம்மாவுக்கு நீல அட்டை கிடைத்தது. வேறு பத்திரங்களும் கொடுத்தார்கள், வக்கீலும் உழைத்தார். இல்லை என்று சொல்லமாட்டேன்.

என் குழப்பம் இனிமேல்தான். நான் உரிக்காமல் விட்டிருந்தால் வருடம் உறையிலேயே இருந்திருக்கும், ஒருவரும் அலைந்திருக்க வேண்டாம். உரித்தது தப்பு. சரி. ஆனால் உரித்துவிட்டுச் சுண்ணாம்பில் போடாமல் இருந்திருந்தால்? அந்தத் தலையும் மற்றவற்றோடு ஆல்பத்தில் சாதாரணமாகக் கிடந்து, மஞ்சளும் வெளிறி, இரண்டு தலைக்கு மூன்றாக என்னைக் குழப்பியிருக்கும். தப்பின் மேல் செய்த தப்புதான் அந்த விரலைச் சிவப்பாகக் காப்பாற்றி வைத்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? வெட்கப்படுவதா, நிமிர்வதா? ஒரு நாள் இது, ஒரு நாள் அது.

இன்னொன்று. ஜொகூர்த் தலைகளில் அன்னாசி வந்தது, புலி வந்தது, வண்ணத்துப்பூச்சி, ஆர்கிட் பூ, ரப்பர்கூட வந்தது. அந்த ரப்பர் மரத்தை வெட்டிய நம் ஆள் வரவில்லையே என்று கூட்டத்துக்குக் கூட்டம் நான் பேசியிருக்கிறேன். அச்சில் இல்லைதான். நம் ஆள் தன் விரலாலேயே தலைமேல் ஏறியிருக்கிறான். அதைக் கழுவப் பார்த்தவன் நான். ஆகவே தம்பிகளே, தங்கச்சிகளே, கையில் பழைய உறை வந்தால் முதலில் தலையைப் பார்க்காதீர்கள். உறையைச் சுற்றிப் பாருங்கள். பழுப்போ மஞ்சளோ, அது ஏன் அங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெண்கள் யாரிடமாவது கேளுங்கள். கேட்கும்வரை தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள்.

இப்போது சங்கத்துக்கு ஒரு வார்த்தை. அந்த உறையும் தலையும் அடுத்தடுத்து இருக்கும் படத்தை இந்த வருடக் கண்காட்சியில் நடுச் சட்டகத்தில் வைத்திருக்கிறீர்கள். கீழே அட்டையில் 'ஒரு பிறப்புச் செய்தி, லாபிஸ். குடும்பத்தினர் அன்பளிப்பு' என்று மட்டும் இருக்கிறது. என் பெயரைக் காணோம். கேட்டால் செயலாளர், "உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் அண்ணே விட்டுட்டோம்" என்கிறார். என் பெயரை மறைக்க நான் யாரையும் கேட்கவில்லை. மூன்று பட்டயத்தையும் நானே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அட்டையை மாற்றுங்கள். இதைக் கண்டுபிடித்தவர் பச்சையம்மா என்று முதலில் போடுங்கள். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், தலையை உரித்தவன், கழுவியவன், பெருமையடித்தவன், பிறகு சட்டகத்தைத் திறந்து உறையோடு சேர்த்தவன், எல்லாம் லாபிஸ் முனியாண்டி என்று போடுங்கள். ஒன்றை விட்டு ஒன்றைப் போட்டால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.